ஆட்டோரெக்கவர் வேறு, சேவ் வேறு
"எக்செல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேவ் பண்ணிடும், கன்ட்ரோல் எஸ் தேவையில்லை" என்று நினைப்பது தவறு. அந்த 10 நிமிடம் ஆட்டோரெக்கவருக்கு உரியது. அது உங்கள் ஃபைலைத் தொடுவதே இல்லை. தனி ஃபோல்டரில் ஒரு தற்காலிக நகலை எழுதி வைக்கும். எக்செல் கிராஷ் ஆனாலோ, சேவ் செய்யாமல் மூடினாலோதான் அது உதவும். கடைசி நகலுக்குப் பின் அடித்தது போனது போனதுதான். அந்த இழப்பைக் குறைக்க, ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் 10ஐ 2 ஆக்குங்கள். பெரிய ஷீட் அவ்வப்போது கொஞ்சம் திணறும், பொறுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் நினைப்பதுபோல் ஃபைலையே தானாகச் சேவ் செய்வது ஆட்டோசேவ். அது மைக்ரோசாஃப்ட் 365 போன்ற புதிய பதிப்புகளில், ஃபைல் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருந்தால் மட்டுமே. அதிலும் தெரியாமல் அழித்த வரிசைகள் அழிந்தபடியே சேவ் ஆகும். ஃபைலின் பழைய பதிப்புகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில்தான் பழையதைத் தேட வேண்டும்.