பிறக்காத கதீஜாவும் நாலாம் மாடிப் பிள்ளையும்

பரிஸ் புறநகரில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த அம்மாவை இருபது வருடமாகத் தெரியும். விடிய நாலரை பஸ்ஸுக்குத் தரிப்பில் நாங்கள் இரண்டு பேரும்தான் நிற்போம். அவர் அலுவலகங்கள் கூட்டித் துடைக்க, நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவ. மாலியின் மேற்கு மூலையில் இருக்கும் காயெஸ் பக்கத்திலிருந்து வந்தவர். பிரான்சில் இருக்கும் மாலிக்காரரில் நிறையப் பேருக்கு அதுதான் ஊர்.

அவருக்கு வேலை கிடைப்பதில் ஒரு நாளும் கஷ்டம் இருக்கவில்லை. நிலம் துடைக்க வருகிறவரின் பெயர் யாருக்கு வேண்டும்? மகள் படித்தபிறகுதான் பெயர் பிரச்சினையானது.

மகள் இங்கேயே பிறந்தவள். கணக்கியலில் மாஸ்டர் முடித்துவிட்டு ஒன்பது மாதம் சி.வி. அனுப்பினாள். கூடப் படித்த பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக வேலை சரிவந்தது. (அவளும் பிரெஞ்சுப் பிள்ளைதான். என் வாயிலும் எப்படி வருகிறது பாருங்கள்.) முதலில் சி.வி.யிலிருந்து படத்தை எடுத்தாள். அப்புறம் 93 என்று தொடங்கும் எங்கள் புறநகர் அஞ்சல் எண்ணை எடுத்துவிட்டு, நகருக்குள் இருக்கும் சிநேகிதியின் முகவரியைப் போட்டாள். பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அது அவளுடைய அம்மம்மாவின் பெயர்.

வந்த பதில்களை எனக்குக் காட்டினாள். எல்லாம் மிக மரியாதையானவை. "உங்கள் தகைமை எங்களைக் கவர்ந்தது, ஆனாலும்..." இதில் எந்த வரியைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் காட்டுவது? பாகுபாடு சட்டப்படி குற்றம்தான். ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிடாதவரிடம் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு எந்தச் சாட்சி இருக்கப் போகிறது?

அதனால்தான் ஆய்வாளர்கள் இல்லாத மனிதர்களைப் படைக்கிறார்கள். 2009இல் பிரான்சில் இரண்டு பெண்களைக் காகிதத்தில் பெற்றெடுத்தார்கள். கதீஜா தியூஃப், மரி தியூஃப். இரண்டு பேரும் செனகல் வழிவந்தவர்கள், ஒரே குடும்பப் பெயர், ஒரே அளவு படிப்பும் அனுபவமும். ஒருத்தி இஸ்லாமியத் தொண்டு அமைப்பில் வேலை செய்தவள், மற்றவள் கத்தோலிக்க அமைப்பில். இரண்டு பேரின் சி.வி.யையும் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மரிக்கு நூற்றுக்கு 21 இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. கதீஜாவுக்கு 8.

"அப்படியென்றால் நிறம் இல்லை, மதம்தானே காரணம்" என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். அந்த ஆய்வு அளந்தது மதத்தை. நிறத்தால் மரி என்ன இழந்தாள் என்பது வேறு கணக்கு. நாலாம் மாடிப் பிள்ளைக்கோ நிறம், மதம், அஞ்சல் எண் மூன்றும் ஒரே கடித உறைக்குள் போகின்றன.

பிரான்சு அரசு தன் மக்களை இனவாரியாக எண்ணுவதில்லை. இன, நிற அடிப்படையில் புள்ளிவிவரம் எடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2007இல் அரசியலமைப்பு மன்றமும் சொல்லிவிட்டது. இந்தப் பயத்தை நான் நக்கலடிக்க மாட்டேன். 1940களில் யூதர்களைப் பட்டியல் போட்டு நாஜிகளிடம் பிடித்துக் கொடுத்த நாடு இது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு கும்பல்கள் தமிழர் வீடு தேடி வந்ததைக் கண்டவர்களுக்குப் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் எண்ணாமல் விட்டதால் என்ன நடக்கிறது? உயிரோடு இருக்கும் பிள்ளையின் முறைப்பாடு "உன் எண்ணம்" ஆகிவிடுகிறது. பிறக்காத கதீஜாவின் சொல்தான் அம்பலம் ஏறுகிறது.

சரி, பெயரை மறைத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பெயரில்லாத சி.வி.தான் பார்க்க வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. 2009, 2010இல் நடந்த பரிசோதனையில் நடந்தது தலைகீழ். பெயர் தெரிந்தபோது குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் ஏழைப் புறநகர்ப் பிள்ளைகளுக்கும் பத்துக்கு ஒரு நேர்முகம். பெயரை மறைத்தபோது இருபத்திரண்டுக்கு ஒன்று. பரிசோதனைக்கு விரும்பி வந்த நிறுவனங்கள் முன்பே ஓரளவு நல்ல மனதோடு இருந்தவை. பெயரையும் ஊரையும் பார்த்து, சி.வி.யில் இருந்த இடைவெளிகளைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் போனதும் இடைவெளி மட்டும் மிஞ்சியது. 2015இல் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த யோசனையே ஆரம்பத்திலிருந்து பிடிக்கவில்லை. குற்றம் செய்தவன் ஒருவன், முகத்தை மூடிக்கொண்டு வர வேண்டியவள் வேறொருத்தியா?

வென்றவர்களும் உண்டு. 1970களில் பிரெஞ்சு ரயில்வே மொரோக்கோவிலிருந்து ஆள் எடுத்தது. பிரெஞ்சுக்காரருக்கு இருந்த நிரந்தர ரயில்வே ஊழியர் அந்தஸ்து அவர்களுக்கு இல்லை. அதனால் பதவி உயர்வும் ஓய்வூதியமும் குறைந்தன. 800க்கு மேற்பட்டோர் வழக்குப் போட்டு 2015இல் வென்றார்கள். 2018 ஜனவரியில் பரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம்தான் நின்றது. அதற்குள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, சிலர் போயும் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே இருந்தவர்கள். பக்கத்தில் நின்று அதே வேலை செய்தவனின் சம்பளத் துண்டோடு தங்களுடையதை வைத்துக் காட்ட முடிந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவளிடம் எந்தத் துண்டு இருக்கும்?

அந்தப் பிள்ளை இப்போது முகவர் நிறுவனம் மூலம் தற்காலிக வேலை செய்கிறாள். பில்களைக் கணினியில் ஏற்றுவது. மாஸ்டர் படித்தவளுக்கு.

இதை, பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் துவேசம் பிடிச்சவன்" என்றார். நாலு மாதம் வேலையில்லாமல் அலைந்த தன் மகனின் கதையையும் சொன்னார். அவர் கடையில் அரிசி மூட்டை இறக்குகிற பொடியன் மாலிக்காரன். ஆறு வருடமாக இருக்கிறான். "அண்ணை, பொன்னி முடிஞ்சுது" என்று தமிழில் சொல்வான். விலையெல்லாம் மனப்பாடம்.

"இவனைக் கல்லாவில் விடலாமே?" என்று கேட்டேன்.

"காப்பிலியையா? சனம் என்ன நினைக்கும்?" என்றார், அவன் காதில் விழுகிற தூரத்தில்.