டின் பாலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்

உணவுப் பழக்கத்தை மாற்று என்றால் நம்மாட்கள் உடனே தினைக்கும் கம்புக்கும் ஓடுகிறார்கள். ஒரு மாதம் நடக்கும், பிறகு மூட்டை அலமாரியில் வண்டு பிடிக்கும். வருஷத்தில் நாலு நாள் சாப்பிடும் நெய் உருண்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் மூன்று வேளை உள்ளே போகிற தேத்தண்ணியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

பினாங்கில் மாமாக் கடை எனும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையானாலும் வீடானாலும், தேத்தண்ணியில் ஊற்றும் கெட்டியான இனிப்பு டின்னைப் 'பால் டின்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் கடைகளில் அடுக்கியிருக்கும் பெரும்பாலான டின்களில் 'சூசு' (மலாயில் பால்) என்ற சொல்லே இருக்காது, 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரிமர்) என்றுதான் அச்சடித்திருக்கும். மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகளின்படி, கெட்டிப் பால் என்று பெயர் போட வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு பால் கொழுப்பும் பால் திடப்பொருளும் இருக்க வேண்டும். கிரிமரில் பால் கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய் இருக்கிறது. எடையில் எது அதிகமோ அதைத்தான் லேபிளில் முதலில் போட வேண்டும் என்பதும் விதி. முதல் சொல் பெரும்பாலும் 'குலா'. சீனிதான்.

கணக்குப் போடுங்கள். டின்னில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 40 கிராம், ஊற்றினால் 20 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள். காலைத் தேத்தண்ணியோடு கோட்டா கிட்டத்தட்ட முடிந்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில், டின் பானங்களுக்கு வரி வந்தது, லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கியது. கடையில் இழுத்து ஆற்றித் தரும் தேத்தண்ணியான தே தாரிக்கை அந்த வரி தொடுவதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சீனியைப் பற்றிக் கத்திக்கொண்டே இருக்கிறது, நாம் 'தம்பி, இன்னொரு தே' என்கிறோம். 2023 தேசிய சுகாதார ஆய்வில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய்.

வீட்டில் டின்னை விட்டு நிஜப் பாலுக்கு மாறுவது சுலபம். ஆனால் முதல் நாளே சொதப்பும், ஏன் என்று தெரிந்தால் பயமில்லை. இரண்டு கிளாசுக்கு 250 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இரண்டு தேக்கரண்டி தூள் போட்டு, அடுப்பை அணைத்து நாலு நிமிடம் மூடி வையுங்கள். தூளைப் போட்டுக் கொதிக்கவிடும் பழக்கம்தான் வம்பு. துவர்ப்பு அதிகமாக இறங்கும், அதை மறைக்கத்தான் சீனி தேவைப்படுகிறது. 150 மில்லி பாலைத் தனியாகச் சூடாக்கி ஊற்றுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் தேத்தண்ணி வெதுவெதுப்பாகிவிடும். 'தண்ணியா இருக்கு' என்று வீட்டில் குறை சொல்வார்கள். சொல்வது சரிதான், டின்னின் கொழகொழப்பு சீனியும் எண்ணெயும் தந்தது. பாலை 200 மில்லியாகக் கூட்டி, தண்ணீரை 200 மில்லியாகக் குறையுங்கள். தனியாகப் போடும் சீனியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு சண்டை போடாது.

பால்மாவு வாங்குவோர் 'பெனூ கிரிம்' (முழுக் கொழுப்பு) என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் பசைபோல் குழைத்து, பிறகு நீர் சேர்க்க வேண்டும். கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாய் மிதக்கும். பாக்கெட்டில் கட்டி விற்கும் மாட்டுப்பால் என்றால் பொங்கக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள்.

பெட்டியில் வருவதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெட்டித் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் தேங்காய், தண்ணீர், பிரியாமல் பிடிக்கும் பொருள் ஒன்றிரண்டுதான். அந்தப் பொருளால் ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் இறைச்சிக் கறி) எண்ணெய் பிரிய நேரமாகும், அவ்வளவுதான். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே குடிக்கும்போது 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவு) என்றால் அதே டின்னைக் கொஞ்சம் குறைவாக ஊற்றுவார்கள். 'தே கோசோங்' (சீனி போடாத தே) என்று கேட்டாலும், கிரிமர் ஊற்றினால் பயனில்லை, அதற்குள்ளேயே சீனி இருக்கிறது. 'தே சி கோசோங்' கேளுங்கள், சீனியில்லாத டின் பால் வரும். அதிலும் சில கடைகளில் பாலுக்குப் பதில் கிரிமர் சேஜாட் (சீனியில்லாத டின் கிரிமர்) ஊற்றுகிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் காலி டின்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.