பதினைந்து விநாடிதானே!

அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எல்லாரும் பார்த்தாகிவிட்டது, எல்லாரும் ஹார்ட் போட்டாகிவிட்டது. படியிறங்கி ஓடிவரும் நண்பனுக்காக மெட்ரோ கதவுக்கு நடுவே முதுகுப்பையைச் செருகிக்கொண்டு நின்ற அந்தத் தம்பி இப்போது மனிதநேயத்தின் மொத்தக் குத்தகைதாரர். "பையை எடுப்பா" என்று அதட்டிய பெரியவர் வில்லன். பெரியவர் சொன்னதுதான் சரி என்று நான்கு வரி பின்னூட்டம் போட்டது என் குற்றம். அன்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "மனசாட்சி இருக்கா?", "மெஷினாடா நீ?", "பதினைந்து விநாடிதானே, குடி முழுகிப்போச்சா?"

அந்தப் பதினைந்து விநாடியைப் பற்றியே பேசுவோம். மனசாட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெட்ரோ கதவு எப்படி மூடுகிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார், மணி ஒலிக்கிறது, ஒவ்வொரு கதவுக்கும் மேலே இருக்கும் மோட்டார் இரண்டு பலகைகளையும் இழுத்துச் சேர்க்கிறது, பூட்டு விழுகிறது. பூட்டு விழுந்ததை ஒரு சுவிட்ச் உறுதி செய்கிறது. ஆறு பெட்டி வண்டி, பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவு என்றால் 24 கதவு. இந்த 24 சுவிட்சும் திருவிழாவில் கட்டும் சீரியல் பல்பு மாதிரி ஒரே சரத்தில் இருக்கின்றன. ஒன்று விழாவிட்டாலும் சரம் முழுக்க இருட்டு. ஓட்டுநர் முன்னால் 'எல்லாக் கதவும் மூடியாச்சு' என்று சொல்லும் விளக்கு எரியாது. அது எரியாமல் வண்டி நகராது. அவர் மனசு வைத்தாலும் நகராது.

நடுவில் பை இருந்தால் மோட்டார் திணறுகிறது, அது இழுக்கும் மின்சாரம் கூடுகிறது, 'ஏதோ தடுக்கிறது' என்று புரிந்துகொண்டு கதவு பின்வாங்குகிறது. மறுபடி மூடிப் பார்க்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இப்படி இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு அந்தக் கதவு சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு ஓட்டுநர் எல்லாக் கதவுகளையும் திறந்து மறுபடி மூட வேண்டும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அதற்கும் மூடவில்லை என்றால்? ஒருவர் அந்தக் கதவுக்கு நேரில் போக வேண்டும். ஆறு பெட்டி வண்டி சுமார் 130 மீட்டர். நெரிசலுக்குள் நுழைந்து அவ்வளவு தூரம் நடந்து, கதவைக் கையால் இழுத்து மூடி, சாவி போட்டு அந்த ஒரு கதவை மட்டும் சரத்திலிருந்து விலக்கி, 'இந்தக் கதவு இயங்காது' என்று ஒட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இது விநாடிக் கணக்கில் நடக்கிற வேலை இல்லை. பல நேரம் அந்த வண்டியைக் காலி செய்து டெப்போவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது திட்டு வாங்குவது யார்? பையைச் செருகியவரா? அவர்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரே.

சரி, அவ்வளவு தூரம் போகவில்லை, வெறும் பதினைந்து விநாடிதான் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியில் ஆயிரம் பேர். ஆயிரம் பேருக்கும் பதினைந்து விநாடி என்றால் 15,000 விநாடி. நான்கு மணி நேரம் பத்து நிமிடம். உங்கள் நண்பருக்கு மிச்சமானது அடுத்த வண்டிக்கான காத்திருப்பு, மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ. "விநாடியை இப்படியெல்லாம் கூட்டக்கூடாது சார்" என்று ஒருவர் எழுதினார். ஏன் கூட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. போகட்டும், கூட்ட வேண்டாம். நடப்பதைச் சொல்கிறேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில், நிலையத்தில் வண்டி நிற்பதே இருபது முப்பது விநாடிதான். நம் வண்டி பதினைந்து விநாடி தாமதமாக அடுத்த நிலையத்துக்குப் போகிறது. அங்கே விநாடிக்கு மூன்று பேர் வந்துகொண்டிருந்தால், இன்னும் 45 பேர் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் 24 கதவுக்கும் சமமாகப் பிரிந்து நிற்க மாட்டார்கள். படிக்கட்டு எங்கே இறங்குகிறதோ அந்த இரண்டு மூன்று கதவுக்கு முன்னால் குவிவார்கள். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் சில விநாடி. அதற்கடுத்த நிலையத்தில் இன்னும் கூட்டம், இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கோ கூட்டம் குறைவு, அது சீக்கிரம் கிளம்பி நெருங்கி வந்து, முன்னால் இடம் இல்லாமல் சுரங்கத்தில் சிகப்பு சிக்னலில் நிற்கும். அதில் இருப்பவர்கள் "என்னய்யா நிர்வாகம் நடத்துறானுங்க" என்பார்கள். லண்டன் விக்டோரியா தடத்தில் 2017 முதல் உச்ச நேரத்தில் மணிக்கு 36 வண்டி, அதாவது நூறு விநாடிக்கு ஒன்று. மாஸ்கோவில் தொண்ணூறு விநாடிக்கு ஒன்றுகூட ஓடுகிறது. அந்த நூறு விநாடியில் பதினைந்து என்பது ஏழில் ஒரு பங்குக்கும் மேல். இன்னும் 'தானே'வா?

மெட்ரோ ஓட்டும் ஒரு நண்பர் இருக்கிறார். அந்த வீடியோவை அவருக்கு அனுப்பினேன். "இது எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றார். நண்பன் ஓடிவருவதும் தெரியாதாம், பாசமும் தெரியாதாம். அவருக்குத் தெரிவது எரியாத ஒரு விளக்கு, கேமரா திரையில் கட்டைவிரல் அளவு ஒரு படம், கன்ட்ரோல் ரூமிலிருந்து "ஏன் நிற்கிறீர்கள்?" என்று ஒரு குரல். மாட்டியிருப்பது பையா, கையா, குழந்தையா என்று அந்தச் சின்னப் படத்தில் அவர் கண்டுபிடிக்க வேண்டும். "ஒவ்வொரு தடவையும் கைதான்னு நினைச்சுத்தாங்க பார்ப்போம்" என்றார்.

இப்போது அடுத்த கோஷ்டி. "சென்சார்தான் இருக்கே, ஒன்றும் ஆகாது." ஐயா, உங்களுக்காகத்தான் இந்தப் பத்தி. கதவின் விளிம்பில் இரண்டு பக்கமும் ரப்பர். விரல் மாட்டினால் இழுத்து எடுக்க வசதியாக மெத்தென்று வைத்திருக்கிறார்கள். அந்த மெத்தென்ற ரப்பருக்குள் துப்பட்டா முனை, புடவைத் தலைப்பு, பையின் மெல்லிய வார் எல்லாம் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். பலகைகள் கிட்டத்தட்ட முழுதாகச் சேர்ந்துவிடும், பூட்டு விழுந்துவிடும், விளக்கும் எரிந்துவிடும். தடித்த பையை உணர்கிற கதவு மெல்லிய துணியை உணராமல் போவது இதனால்தான். 2019 ஜூலை 13, கொல்கத்தா, பார்க் ஸ்ட்ரீட் நிலையம். மூடும் கதவில் ஒரு முதியவரின் கை மாட்டி, வண்டி கிளம்பி, அவர் இறந்துபோனார். 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் ஒரு பெண்ணின் உடை கதவில் சிக்கி, இழுபட்டு, இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். இவர்கள்மேல் எந்தத் தவறும் சொல்லவில்லை. 'கதவு பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கையைத்தான் சொல்கிறேன்.

பிளாட்பாரத்திலேயே கண்ணாடிக் கதவு இருக்கிற நிலையம் என்றால் பயமில்லையாம். 1961லேயே லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிளாட்பாரத்துக்குச் சுவரும் கதவும் வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 1987லேயே கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான், தண்டவாளத்தில் யாரும் விழ முடியாது. ஆனால் இப்போது மூடவேண்டியது வண்டிக் கதவு, பிளாட்பாரக் கதவு என்று இரண்டு கதவு, இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. 2022 ஜனவரியில் ஷாங்காயில் ஒரு மூதாட்டி அந்தச் சந்தில் மாட்டி இறந்தார்.

இதையெல்லாம் எழுதினால் "பயமுறுத்துகிறான்" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

"குழந்தை வெளியே நின்றுவிட்டால்? அப்போதும் பிடிக்கக்கூடாதா?" இதுதான் கேட்கவேண்டிய கேள்வி, கேட்டவர்கள் இரண்டே பேர். பூட்டு விழுந்த கதவை நகத்தால் பிராண்டுவதில் பயனில்லை. உள்ளே இருப்பவர் கதவருகே இருக்கும் அவசரப் பேச்சுப் பொத்தானை அழுத்தி, பெட்டி எண், எந்த நிலையம், குழந்தையின் உடை நிறம் மூன்றையும் சொல்ல வேண்டும். பெட்டி எண் உட்புறத்தில் எழுதியிருக்கும். அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே ஊழியரைப் பிடிக்க வேண்டும். வெளியே நின்றவர் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பினால்தான் எதிரெதிர் வண்டியில் கடந்து போவார்கள். கூட்டமாகப் போகும்போது ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்: ஏறினவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பார், விடுபட்டவர் பெரியவரென்றால் அடுத்த வண்டியில் வருவார், பிள்ளை என்றால் அங்கேயே இருக்கும். இந்தப் பேச்சுக்கு ஆகும் நேரமும் பதினைந்து விநாடிதான், தமாஷ் என்னவென்றால். ஏறும்போது குழந்தையின் கை உங்கள் கைக்குள் இருக்க வேண்டும், உங்கள் பின்னால் அல்ல.

"கடைசி வண்டியாக இருந்தால்?" சரி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த வீடியோ பட்டப்பகலில் எடுத்தது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"நடக்க முடியாதவர்கள்?" அவர்களுக்காகத்தான் ஊழியர் இருக்கிறார். நுழையும் இடத்திலேயே சொன்னால் உடன் வந்து ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்ல ஏற்பாடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, தன் நண்பனுக்குப் பிடித்த கதவை நியாயப்படுத்த நடக்க முடியாதவரைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எனக்குக் கோபம் வந்ததே அந்த இடத்தில்தான்.

உண்மையில் யாரும் ஓடவேண்டியதே இல்லை. கார்டையோ டிக்கெட்டையோ கேட்டுக்கு முன்னால் வந்து நின்று தேடாமல், பத்தடிக்கு முன்பே கையில் எடுங்கள். வண்டி கடைசியாகப் போய்ச்சேரும் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்குங்கள். தவறான திசையில் ஏறி, மணி அடித்த பிறகு ஞானம் வந்து கதவைப் பிளப்பவர்கள் ஒரு தனி ஜாதி. மாஸ்கோவில் நகர மையத்தை நோக்கிப் போகும் வண்டியில் ஆண் குரல், வெளியே போகும் வண்டியில் பெண் குரல் என்று வைத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அந்தச் சொகுசு கிடையாது, பலகையைத்தான் படிக்க வேண்டும். பிளாட்பாரத்தில் படிக்கட்டிலிருந்து தள்ளி, கடைசிப் பெட்டி வரை நடங்கள், கூட்டம் பெரும்பாலும் அங்கே குறையும். கதவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி, இறங்குபவர்களை விட்டுப் பிறகு ஏறுங்கள். ஏறியதும் கதவிலேயே தூணாக நிற்காமல் நடுவுக்குப் போங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள் அல்லது காலடியில் வையுங்கள், முதுகில் இருந்தால் அது இன்னொரு ஆள். இறங்கும் நிலையத்துக்கு முந்தைய நிலையம் போனதுமே கதவை நோக்கி நகரத் தொடங்குங்கள். மணி ஒலித்தால் நின்றுவிடுங்கள். அது 'ஓடிவா' என்று கூப்பிடும் மணி இல்லை, மூடப்போகிறேன் என்ற மணி.

நாம் அவசரப்பட்டால் கூட்டமே வேகமாகும் என்ற மூடநம்பிக்கைக்கு லண்டன் ஹோல்பார்ன் நிலையத்தில் ஒரு பதில் இருக்கிறது. நீளமான எஸ்கலேட்டரில் ஒரு பக்கம் நடப்பவர்களுக்கு என்று காலியாக விடாமல், 2015இல் சில வாரம் இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறிப்போனவர்கள் கால் பங்குக்கும் மேல் கூடினார்கள். நடப்பவர் ஒருவர் வேகமாகப் போனார், மொத்தக் கூட்டம் மெதுவாகத்தான் போனது. அங்கேயும் மக்கள் திட்டித் தீர்த்தார்கள் என்பது எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

கதவு என்றால் தானாக இயங்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். கெட்டுப்போனால் அதன் முன்னால் ஒரு மனிதர் போய் நிற்க வேண்டும். 2016 மே 28 அன்று சியோலில் குயி நிலையத்தில் பிளாட்பாரக் கதவைப் பழுது பார்க்கப் போன ஒப்பந்தத் தொழிலாளிக்கு வயது 19. இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை, தனியாகத் தண்டவாளப் பக்கம் நின்று செய்தான். வண்டி வந்துவிட்டது. அவன் பையில் நேரம் கிடைத்தால் சாப்பிடலாம் என்று வைத்திருந்த கப் நூடுல்ஸ் இருந்தது. அந்தக் கதவை யாரோ பை வைத்துக் கெடுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவனைச் சாகவிட்டது ஆள் மிச்சம் பிடித்த முறை. ஆனால் "வெறும் கதவுதானே" என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான். மெஷின் என்று என்னைச் சொன்னவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

எல்லாக் கதவுகளையும் திறந்து மூடுவதைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன் இல்லையா. வீடியோவை மறுபடி ஓட்டுங்கள். நண்பன் உள்ளே குதித்ததும், கட்டிப்பிடித்ததும் வேண்டாம், அதைத்தான் லட்சம் தடவை பார்த்தாயிற்றே. பின்னால், இடது ஓரத்தில், அடுத்த கதவைப் பாருங்கள். முதலில் அது ஒழுங்காக மூடியிருந்தது. இவர் பையால் எல்லாக் கதவும் மறுபடி திறக்கின்றன. நமக்காகத்தான் திறந்தார்கள் என்று நினைத்து வெளியே நின்ற ஒரு அம்மா, பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறுகிறார். அவர் உள்ளே வந்துவிட்டார். பிள்ளையின் முழங்கை வெளியே இருக்கும்போது கதவு வருகிறது. உள்ளேயிருந்து யாரோ ஒருவர் எட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். வெளுத்த சட்டை, நரைத்த தலை. பையை எடுக்கச் சொன்ன அதே பெரியவர்.