4கே மொனிட்டரை வாங்கிப்போட்டு ரெசொலூஷனைக் குறைக்காதீங்கோ

புதிதாக 27 அங்குல 4கே மொனிட்டர் வாங்கின எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "திரை பெரிசு, ஏன் எழுத்து மட்டும் இவ்வளவு சின்னன்?" ஊரில் அதற்குக் கிடைக்கிற முதல் பதில்: "ரெசொலூஷனைக் குறைச்சு விடுங்கோ, சரிவரும்." (ரெசொலூஷன் என்றால் குறுக்கும் நெடுக்கும் எத்தனை புள்ளியில் படம் வரைவது என்ற கணக்கு.) கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தப் பதிலைச் சொல்கிறவர்களோடுதான் கோபம்.

திருகோணமலை டவுனில் அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைக்கிற வேலை எனக்கு. கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பாடசாலை மலர் என்று நாள் முழுக்கத் திரையில் தமிழ் எழுத்துதான். அதனால் இது எனக்கு வயிற்றுப்பாட்டு விஷயம்.

எழுத்து சின்னதாவதற்குக் காரணம் எளிது. பழைய 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்குள் சுமார் 92 பிக்சல், அதாவது திரைப் புள்ளி, இருக்கும். 27 அங்குல 4கே திரையில் அதே அங்குலத்துக்குள் 163. "எழுத்து 12 பிக்சல் உயரம்" என்று கணக்குப் போட்டு எழுதின மென்பொருள், பழைய திரையில் அதை 3.3 மில்லிமீற்றர் உயரத்தில் காட்டும். புதியதில் 1.9 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. புள்ளி சிறுத்துவிட்டது, புள்ளிக் கணக்கு மாறவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் ரெசொலூஷனைக் குறைத்தால் அந்தத் திரையில் இருக்கிற 3840 × 2160 புள்ளிகள் குறையப்போவதில்லை. கொம்பியூட்டர் சின்னப் படமாக வரைய, அது திரை முழுக்க இழுத்துப் பரப்பப்படும். 2560 × 1440 வைத்தால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் உட்காரவைக்க வேண்டும். அரைப் புள்ளி என்று திரையில் எதுவும் இல்லை. ஆகவே எழுத்தின் ஓரம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். 1920 × 1080 வைத்தால் ஒன்றுக்கு நாலு என்று கணக்குச் சரியாக வருமே என்று கேட்கலாம். வரும்தான். ஆனால் பல மொனிட்டர்கள் அதையும் மழுப்பித்தான் காட்டுகின்றன. மழுப்பாவிட்டாலும், காசு கொடுத்தது 83 இலட்சம் புள்ளிக்கு, பார்ப்பது 21 இலட்சம் புள்ளியை.

செய்யவேண்டியது வேறு. ரெசொலூஷனை மொனிட்டரின் சொந்த அளவிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் இருக்கிற ஸ்கேல் அளவை, அதாவது எழுத்தையும் ஐகானையும் பெரிசாக வரையச் சொல்கிற சதவீதத்தை, ஏற்றுங்கோ. 100 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். 150 என்றால் 144. 27 அங்குலத்துக்கு 150 சரியாக இருக்கும். கண் சோர்ந்தவர்களுக்கு 175. அதிலும் எழுத்து மட்டும் போதாது என்றால் அக்சசிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது, 225 வரை போகும். "ஸ்கேல் ஏத்தினா இடம் குறைஞ்சு போகுமே" என்பார்கள். குறையட்டும். 4கே வாங்கியது இடத்துக்காக அல்ல, துல்லியத்துக்காக.

இங்கேதான் தமிழ் வாசிக்கிற நமக்கு ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர்களைவிட இலாபம் அதிகம் என்பது என் கட்சி. ஆங்கில எழுத்து பெரும்பாலும் கோடும் வளைவும். கொஞ்சம் மங்கினாலும் ஊகிக்கலாம். நம்முடைய கி-க்கும் கீ-க்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. ன-வுக்கும் ண-வுக்கும் இன்னொரு சுழி. மு-வும் மூ-வும் பிரிகிறது அடியில் இருக்கிற வாலில். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நாலைந்து பிக்சலில் அது எழுத்தோடு ஒட்டிவிடும், அல்லது காணாமல் போய்விடும். பழைய திரையில் சின்ன அளவில் அந்தச் சுழிக்குள் வெள்ளை விழ இடமே இருக்காது. அடைபட்டுக் கறுப்பாய் நிற்கும். அதே மில்லிமீற்றர் அளவில் 4கே திரை சுழியைத் திறந்து காட்டுகிறது. மரண அறிவித்தலில் "கணேசன்" என்பது "கனேசன்" ஆகிவிட்டால், பிறகு அந்த வீட்டுக்காரருக்கு முகம் கொடுக்கவேண்டியவன் நான்தான். மொனிட்டர் விற்றவர் இல்லை.

சரி, ஸ்கேல் ஏற்றியும் சில மென்பொருள்கள் மங்கலாக வருகுதே? அந்தப் பழி திரைக்கு அல்ல, மென்பொருளை எழுதினவருக்கு. திரை எவ்வளவு அடர்த்தி என்று கேட்காத மென்பொருளை விண்டோஸ் தானே இழுத்துப் பெரிசாக்கிக் காட்டும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, அதாவது 2007 முதல், இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு மொனிட்டருக்கும் தனித்தனி ஸ்கேல் என்பது 2013இல் விண்டோஸ் 8.1ஓடு வந்தது. 2017இல் விண்டோஸ் 10இல் அது இன்னும் செம்மையானது. இத்தனை வருடம் போயும் பிக்சலில் பெட்டி கீறுகிறவர்களை என்ன சொல்ல? அதுவும் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்த பெட்டி. தமிழ் இடைமுகம் போட்டால் கொக்கி மேலே வெட்டுப்படும், வால் கீழே வெட்டுப்படும்.

அப்படியான மென்பொருளுக்கு ஒரு கைவைத்தியம்: அதன் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி, அங்கே ஹை டிபிஐ செட்டிங்ஸ். மேலெழுதும் தெரிவை 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்று மாற்றிப் பாருங்கோ. எல்லாவற்றுக்கும் வேலை செய்யாது. ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு காலத்து மென்பொருள்கள் சிலவற்றில் எழுத்து நன்றாகவே தெளிகிறது. இணையப் பக்கமென்றால் இந்தப் பாடே இல்லை, கண்ட்ரோலும் பிளஸும் போதும்.

40 தாண்டியவர்களுக்கு ஒன்று. வெள்ளெழுத்துக்குப் போடுகிற புரோகிரெசிவ் கண்ணாடியோடு பெரிய திரைக்கு முன் உட்கார்ந்தால், கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்க நாடியைத் தூக்கவேண்டிவரும். பின்கழுத்து நோகிறது என்று மொனிட்டரைத் திட்டவேண்டாம். திரையைத் தணித்து வையுங்கோ, கண் டொக்டரிடம் கொம்பியூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கோ.

மொனிட்டர் விலைக்குப் பயந்து 43 அங்குல 4கே டிவியை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கெட்ட யோசனை இல்லை. அங்குலத்துக்கு 102 பிக்சல்தான் என்பதால் ஸ்கேல் ஏற்றாமலே எழுத்து வாசிக்கலாம். ஆனால் பல டிவிகள் நிறத் தகவலைக் குறைத்து வாங்கும். கறுப்பில் சிவப்பு எழுத்துப் போட்டுப் பாருங்கோ, ஈரக் கடதாசியில் மை ஊறினது போல இருக்கும். டிவி செட்டிங்கில் பிசி மோட் இருந்தால் அதைப் போடவேண்டும். எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய கொம்பியூட்டர் என்றால் 4கேயில் விநாடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் கொம்பியூட்டர், டிவி இரண்டு பக்கமும் குறைந்தது 2.0 இருக்கவேண்டும்.

கடையில் மொனிட்டரைப் போட்டுக் காட்டும்போது ஓடுவது எப்போதும் பவளப்பாறையும் கலர் மீனும். அதைப் பார்க்க நமக்குத் திருகோணமலைக் கடலில் புறாத்தீவு இருக்கிறது. நீங்கள் ஒரு பென் டிரைவில் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கொண்டுபோங்கோ, எழுத்து 10 பொயிண்டில், கீ, ண, மூ எல்லாம் கலந்ததாக. ஸ்கேலை 150இல் வைக்கச் சொல்லி, வீட்டில் உட்காருகிற தூரத்திலேயே நின்று வாசியுங்கோ. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.