செகண்ட் முள்ளு இல்லாத வாட்சை தினமும் கட்டலாமா?

வாட்சுல செகண்ட் முள்ளு வேஸ்ட்டுன்னு நண்பர் ஒருத்தர் ரெண்டு நாளா என்கிட்ட மல்லுக்கு நிக்கிறார். "மணி என்னன்னு கேட்டா எவன்யா நாலு மணி பதினேழு நிமிஷம் முப்பத்திரண்டு செகண்டுன்னு சொல்றான், நாலே கால்னுதானே சொல்றான், அப்புறம் அது எதுக்கு சும்மா சுத்திக்கிட்டே கெடக்கணும்?" இதான் அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். செகண்டை எண்ணிப் பாக்க வேண்டிய வேலை நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு கிடையாது, அப்படியே வந்தாலும் ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கு. ஆனாலும் தினமும் கட்டுற வாட்சுல அந்த மூணாவது முள்ளு இருந்தே ஆகணும்ங்கறதுதான் என் கட்சி. செகண்டை யாரும் பாக்க வேணாம், மத்த ரெண்டு முள்ளும் சொல்றதை நம்பலாமா வேணாமான்னு அது சொல்லிடும், அது போதும்.

ரெண்டு முள்ளு மட்டும் இருக்கற பேட்டரி வாட்ச் ஒண்ணை கையில எடுத்து உத்துப் பாருங்க. ஓடுதா நின்னுடுச்சான்னு உடனே சொல்ல முடியாது. உள்ள இருக்கற குவார்ட்ஸ் கல்லு செகண்டுக்கு 32,768 தடவை அதிரும், அதை சர்க்யூட் பதினஞ்சு தடவை பாதி பாதியா குறைச்சு செகண்டுக்கு ஒரு துடிப்பாக்கி குட்டி மோட்டாருக்கு அனுப்பும், செகண்ட் முள்ளு டக் டக்னு நகர்றது அதனாலதான். ரெண்டு முள்ளு வாட்சுக்கு அவ்வளவு அடிக்கடி தள்ள வேண்டிய தேவை இல்ல, அதனால நிறைய மாடல்ல மோட்டாரை இருபது செகண்டுக்கு ஒரு தடவை மாதிரிதான் அசைப்பாங்க. பேட்டரி ரொம்ப நாள் வரும், அது நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா அந்த வாட்ச் காலைல ஒன்பதே முக்காலுக்கு நின்னுடுச்சுன்னு வைங்க, பத்து மணிக்குப் பாத்தா ஒன்பதே முக்கால்னு கூசாம சொல்லும், நீங்களும் இன்னும் நேரம் இருக்குன்னு பொறுமையா இன்னொரு டீ சொல்லுவீங்க. ராத்திரி மூணு மணிக்கு நின்னு காலைல தெரிஞ்சா பரவாயில்ல, பக்கத்து நேரத்துல நிக்கறதுதான் ஆபத்து.

செகண்ட் முள்ளு இருந்தா ஓரக்கண்ணால பாத்தாலே போதும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, நல்ல குவார்ட்ஸ் மெஷின் பலதுல பேட்டரி தீரப் போறப்ப செகண்ட் முள்ளு நடையை மாத்திக்கும், செகண்டுக்கு ஒரு அடி வைக்காம நாலு செகண்ட் சும்மா நின்னுட்டு ஒரேயடியா நாலு கோடு தாவும், சில மெஷின்ல ரெண்டு ரெண்டா தாவும். வாட்ச் கெட்டுப்போச்சுன்னு பதறி கடைக்கு ஓடுறவங்கள பாத்திருக்கேன், அது கெடவே இல்ல, செல் மாத்துன்னு சொல்லுது, அவ்வளவுதான். அப்பவே போய் மாத்திட்டா நல்லது, செத்த செல்லை உள்ளயே வச்சிருந்தா கசிஞ்சு மெஷினையே அரிச்சிடும், அப்புறம் செல்லு காசோட போக வேண்டியது மெஷின் காசு வரைக்கும் போகும். ரெண்டு முள்ளு வாட்சுக்கு இந்த முன்னறிவிப்பு குடுக்க வழியே இல்ல, அது திடீர்னு செத்துடும்.

சாவி குடுக்கற வாட்ச் கதை வேற. பெங்களூர்ல எச்எம்டி 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து வாட்ச் பண்ண ஆரம்பிச்சப்புறம் நம்ம வீட்டு பெரியவங்க பாதிப்பேர் கையில அதுதான், காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி சாவி குடுக்கறதே ஒரு சடங்கு. அந்த காலத்து மெஷின்ல பெரும்பாலானது மணிக்கு 18,000 தடவை அடிச்சு நகரும், அதாவது செகண்டுக்கு அஞ்சு குட்டி குட்டி அடி, அதனால முள்ளு தாவாம வழுக்கிட்டுப் போற மாதிரி தெரியும். அது நின்னா சாவி குடுக்க மறந்தாச்சுன்னு அர்த்தம். ரேடியோல செய்திக்கு முன்னாடி வர்ற பீப் சத்தத்துக்கு வாட்சை சரி பண்ணிக்கிட்டவங்களுக்கு செகண்ட் முள்ளோட அருமை தெரியும்.

சரி பண்றதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. செகண்ட் முள்ளு சரியா பன்னெண்டுக்கு வர்றப்ப சாவியை வெளிய இழுங்க, குவார்ட்ஸ் வாட்சுல அநேகமா எல்லாத்துலயும் முள்ளு அங்கயே நின்னுடும், இப்ப நிமிஷ முள்ளை அடுத்த நிமிஷக் கோட்டு மேல கச்சிதமா வச்சுட்டு, ஃபோன்ல அந்த நிமிஷம் பொறந்ததும் உள்ள தள்ளுங்க. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை பாத்தா வாட்ச் எவ்வளவு ஃபாஸ்ட்டு எவ்வளவு ஸ்லோன்னு அச்சரம் பிசகாம தெரிஞ்சிடும். ரெண்டு முள்ளு வாட்சுல இந்த விளையாட்டே கிடையாது, குத்துமதிப்பா வச்சு குத்துமதிப்பா பாக்கணும். குத்துமதிப்பு போதும்னா எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா அப்ப வாட்ச் சரியா ஓடுதுன்னு மட்டும் பீத்திக்கக் கூடாது.

நிஜமாவே செகண்ட் எண்ணி பொழைக்கறவங்கன்னா எங்க அக்கா மாதிரி ஸ்டாஃப் நர்சுங்கதான். நாடி சீரா இருந்தா அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குவா, தாறுமாறா இருந்தா முழு நிமிஷமும் எண்ணணும். குழந்தைங்க மூச்சுன்னா குறுக்குவழியே கிடையாது, ஒரு நிமிஷம் பூரா வயித்தையோ நெஞ்சையோ பாத்துக்கிட்டே எண்ணணும், ரெண்டு மாசத்துலேருந்து ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, ஒண்ணுலேருந்து அஞ்சு வயசுக்குள்ளன்னா 40ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, நிமோனியாவா இருக்குமோன்னு சந்தேகப்படணும். "எண்ணும்போது பேசுனா கொன்னுடுவேன்டா"ன்னு என்னை மிரட்டுவா. இந்த வேலைக்காகவே 1707ல ஜான் ஃப்ளோயர்ங்கற இங்கிலாந்து டாக்டர் சரியா ஒரு நிமிஷம் மட்டும் ஓடுற வாட்சை செய்ய வச்சார்னா பாத்துக்கங்க, செகண்ட் முள்ளு வாட்சுல சகஜமாகாத காலம் அது. வேடிக்கை என்னன்னா, கிருமி பரவும்னு இப்ப பல ஆஸ்பத்திரில முழங்கைக்குக் கீழ எதுவும் கட்டக் கூடாதுங்கறாங்க, அதனால அக்கா டூட்டில சுவர் கடிகாரத்தைத்தான் பாக்குறா, வாட்ச் ஹேண்ட்பேக்ல தூங்குது. செகண்ட் முள்ளு யாருக்கு ரொம்ப தேவையோ அவங்க கட்ட முடியல, தேவையே இல்லாத நான் கட்டிக்கிட்டு இங்க லெக்சர் அடிக்கிறேன்.

ரயில்ல போறப்ப எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜன்னலோரம் உக்காந்து கரண்ட் கம்பத்துல போட்டிருக்கற கிலோமீட்டர் நம்பர் மாறுறதை பாத்து, அடுத்து மாறுற வரைக்கும் எத்தனை செகண்டுன்னு எண்ணி, 3600ஐ அதால வகுத்தா வண்டி வேகம் வந்துடும். 36 செகண்டுன்னா நூறு கிலோமீட்டர் வேகம், 45ன்னா எண்பது. ஆப்லயே காட்டுமேன்னு சொல்லாதீங்க, காட்டும், எனக்கும் தெரியும்.

ரயில்னதும் சுவிட்சர்லாந்து ஸ்டேஷன் கடிகாரத்தை விட முடியாது. ஹான்ஸ் ஹில்ஃபிக்கர்ங்கற இஞ்சினியர் 1944ல வடிவமைச்சது, ரயிலை கிளப்புற அதிகாரி கையில தூக்கிக் காட்டுற வட்டப் பலகை மாதிரி சிவப்பு செகண்ட் முள்ளு அப்புறம் 1950கள்ல சேந்துச்சு. அந்த முள்ளு ஒரு சுத்தை 58.5 செகண்ட்லயே முடிச்சுட்டு பன்னெண்டுல நின்னு காத்திருக்கும், மெயின் கடிகாரத்துலேருந்து சிக்னல் வந்ததும் நிமிஷ முள்ளு ஒரு கோடு தாவும், இதுவும் கிளம்பும். அப்ப பாருங்க, அது காட்டுற செகண்ட் கணக்குப்படி சரியான செகண்டே இல்ல! வண்டி கிளம்ப இன்னும் எவ்வளவு பாக்கின்னு பிளாட்ஃபார்ம்ல ஓடி வர்றவனுக்கு தெரிஞ்சா சரி, அவ்வளவுதான் அதுக்கு வேலை.

இப்ப எதிர்க்கட்சிக்கு குடுக்க வேண்டிய மரியாதையை குடுத்துடறேன். நம்ம ஓசூர் டைட்டன்காரங்க 2002ல எட்ஜ்னு விட்டாங்க, மொத்த வாட்சே 3.5 மில்லிமீட்டர் கனம், உள்ள மெஷின் 1.15 மில்லிமீட்டர்தான். அதுல செகண்ட் முள்ளு கிடையாது, இருக்கவும் முடியாதுன்னே சொல்லலாம், ஏன்னா ஒவ்வொரு முள்ளும் இன்னொண்ணு மேல இடிக்காம நிக்கணும், கண்ணாடிலயும் படக்கூடாது, ஒரு முள்ளு கூடினா அந்தளவு உசரமும் கூடும். கல்யாணத்துக்கு பட்டு வேட்டி, முழுக்கை சட்டைக்குள்ள அதை கட்டினா அழகோ அழகு, நடுவுல ஒரு ஒல்லிக் குச்சி துடிச்சுக்கிட்டிருந்தா அந்த அமைதி போயிடும்னு எனக்கே தோணும். விசேஷத்துக்கு ரெண்டு முள்ளு, சரி. திங்கக்கிழமை காலைல பஸ்ஸுக்கு ஓடுறவனுக்கு அது ஒத்து வராது.

இதெல்லாம் பழைய ஆளு பேச்சுன்னு நெனைச்சா ஸ்மார்ட் வாட்சை பாருங்க. ஆப்பிள்காரன் 2019ல சீரிஸ் 5ல டிஸ்ப்ளே அணையாம இருக்கற மாதிரி கொண்டு வந்தப்ப, கையை இறக்கினதும் செகண்ட் முள்ளு மறைஞ்சிடும், பேட்டரி மிச்சம். 2024ல சீரிஸ் 10 வந்தப்ப, கையை இறக்கினாலும் செகண்ட் ஓடறதை ஒரு சிறப்பாவே சொல்லி வித்தான். முள்ளே இல்லாத கண்ணாடித் தகட்டுக்கே ஓடுற முள்ளு தேவைப்படுது.

செகண்ட் முள்ளு பேர்ல நடக்கற கொடுமைகளும் இருக்கு. முக்கியமா குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் சேந்த வாட்ச். நடுவுல இருக்கற பெரிய முள்ளு பட்டனை அமுக்கினாதான் ஓடும், மத்த நேரம் பன்னெண்டுலயே நிக்கும், நிஜ செகண்ட் ஏதோ ஒரு மூலைல குட்டி வட்டத்துல ஓடும். ஆன்லைன்ல வாங்கிட்டு "அண்ணே, புது வாட்ச், பெரிய முள்ளு ஓடவே மாட்டேங்குது"ன்னு கடைல வந்து நிக்கறவங்க எத்தனை பேர்! சில மலிவு மாடல்ல அந்த குட்டி வட்டம் எல்லாம் சும்மா பிரிண்ட்டு, அதை வாங்கறதுக்கு ரெண்டு முள்ளு வாட்சே மேல்.

என்னைக் கேட்டா தினசரிக்கு நடுவுல ஒரே ஒரு செகண்ட் முள்ளு, ஒல்லியா, டயலோட ஓரக் கோடு வரைக்கும் நீளமா, டயல் நிறத்துலேருந்து கொஞ்சம் தனிச்சுத் தெரியுற மாதிரி இருக்கணும். கடைல வாங்கறப்ப ஒரு முழு சுத்து நின்னு பாருங்க, குவார்ட்ஸ்னா முள்ளு ஒவ்வொரு கோட்டு மேலயும் விழுதா இல்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல விழுதான்னு. நடுவுல விழுந்தா அதே மாடல்ல வேற பீஸ் கேளுங்க. கடைக்காரர் முறைப்பார், முறைச்சா முறைக்கட்டும், தினமும் அதைப் பாத்து எரிச்சல் படப்போறது அவர் இல்ல.