கம்பத்துக்குள் இருக்கும் தம்பி

பூக்காரம்மா: வாப்பா, வா. உன் முகம் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

டெக்னீஷியன்: நான் இந்தத் தெருவுக்கே இன்றைக்குத்தான் வருகிறேன் அம்மா. ஏணி வைக்க வேண்டும், கூடையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

பூக்காரம்மா: நகர்த்துகிறேன். நான் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லு. விளக்கு எப்போது எரியும்?

டெக்னீஷியன்: எப்போது கேட்டீர்கள்? புகார் எண் இருக்கிறதா?

பூக்காரம்மா: எண் எதற்கு? வாய்விட்டுத்தானே சொல்கிறேன், தினமும்.

டெக்னீஷியன்: யாரிடம்?

பூக்காரம்மா: உன்னிடம்தான். இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, அதோ அந்த ஓட்டைப் பக்கம் வாயை வைத்து, ‘தம்பி, விளக்கு எரியவில்லை’ என்று சொல்வேன். நீ ஒரு நாளாவது ‘ம்’ கொட்டியிருக்கிறாயா?

டெக்னீஷியன்: ஐயோ! அது ஆபத்துக்கு அமுக்குகிற பொத்தான். அமுக்கினால் கட்டுப்பாட்டு மையத்தில் மணி அடிக்கும்.

பூக்காரம்மா: அடித்ததா?

டெக்னீஷியன்: (கம்பத்தின் கதவைத் திறந்து, வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு) வயரே கொடுக்கவில்லை.

பூக்காரம்மா: அப்படியென்றால் நீ உள்ளே இல்லையா?

டெக்னீஷியன்: நான் எப்படி அம்மா கம்பத்துக்குள் இருப்பேன்?

பூக்காரம்மா: இவ்வளவு பருமனாக வேறு எதற்குக் கம்பம் போட்டீர்கள்? ஆள் இருக்கத்தான் என்று நினைத்தேன். போன பொங்கலுக்கு ஒரு முழம் கனகாம்பரம்கூடக் கட்டிவிட்டேன்.

(இது எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சென்னை, கோவையில் தொடங்கி ஈரோடு வரை தமிழ்நாட்டில் மத்திய அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தில் 11 ஊர்கள் இருந்தன. உங்கள் ஊர் அதில் இருந்தால் உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

டெக்னீஷியன்: அம்மா, இது சாதாரணக் கம்பம் இல்லை. ஸ்மார்ட் கம்பம். கேமரா இருக்கிறது, வைஃபை இருக்கிறது, காற்றை அளக்கும் கருவி இருக்கிறது, அறிவிப்புச் சொல்ல ஒலிபெருக்கி இருக்கிறது.

பூக்காரம்மா: விளக்கு?

டெக்னீஷியன்: விளக்கும் இருக்கிறது. எரியவில்லை, அவ்வளவுதான்.

பூக்காரம்மா: மேலே ஏறத்தானே போகிறாய்? அப்படியே அதையும் பார்த்துவிடேன்.

டெக்னீஷியன்: அது முடியாது. விளக்கு வேறு டெண்டர். நான் கேமரா.

பூக்காரம்மா: பக்கத்தில்தானே இருக்கிறது?

டெக்னீஷியன்: ஒரு சாண்தான். ஆனால் வேறு டெண்டர்.

பூக்காரம்மா: இந்தப் பொத்தான்?

டெக்னீஷியன்: அதுவும் வேறு டெண்டர்.

பூக்காரம்மா: ஏணி?

டெக்னீஷியன்: ஏணி வாடகை, அம்மா. ஆறு மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும், மணி ஏழாகிவிட்டது. வேலையைப் பார்க்க விடுங்கள்.

பூக்காரம்மா: சரி, ஏறு. அந்தப் பலகையில் சிவப்பாக ஓடுகிறதே, அது என்ன?

டெக்னீஷியன்: காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று காட்டும்.

பூக்காரம்மா: நீங்கள் ரோட்டைத் தோண்டிப் போட்ட தூசிதானே? தோண்டியவனுக்குத் தெரியாதா எவ்வளவு என்று? கல் பதித்தீர்கள், பெயர்த்தீர்கள், பாதாளச் சாக்கடை என்றீர்கள், மறுபடி பதித்தீர்கள், கேபிள் என்று மறுபடி பெயர்த்தீர்கள்.

டெக்னீஷியன்: நான் தோண்டவில்லை அம்மா. நான் கேமரா.

பூக்காரம்மா: கேமரா இருட்டில் என்னத்தைப் பார்க்கும்?

டெக்னீஷியன்: (உற்சாகமாக) அங்கேதான் விஷயமே இருக்கிறது! கும்மிருட்டிலும் பளிச்சென்று தெரியும். அகச்சிவப்புக் கதிர். வெளிச்சமே தேவையில்லை.

பூக்காரம்மா: அதனால்தான் விளக்கைப் போடாமல் விட்டுவிட்டீர்களா? கேமராவுக்கு வேண்டாம் சரி, எனக்கு வேண்டாமா? நேற்று ஒருவன் கிழிந்த நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

டெக்னீஷியன்: கேமராவில் பதிவாகியிருக்கும்.

பூக்காரம்மா: பார்த்துச் சொல்கிறாயா?

டெக்னீஷியன்: அதற்குப் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். (கொஞ்சம் கோபமாக) எப்போது பார்த்தாலும் குறையே சொல்லாதீர்கள். இது 2015 ஜூன் 25-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த திட்டம். நாடு முழுக்க 100 நகரங்கள். மத்திய அரசு ஒதுக்கியது மட்டும் 48,000 கோடி ரூபாய். மாநிலத்தின் பங்கும் அதற்குச் சமம்.

பூக்காரம்மா: அதில் ஒரு பல்பு எவ்வளவு?

டெக்னீஷியன்: பல்பு பற்றி எனக்குத் தெரியாது. 100 ஊரிலும் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது, அது தெரியும். பெரிய பெரிய திரை, வரிசையாக ஆட்கள். கொரோனா நேரத்தில் பல ஊர்களில் அதைத்தான் வார் ரூமாக மாற்றினார்கள்.

பூக்காரம்மா: அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது ஒரு பெண் தினமும் போன் பண்ணி ‘காய்ச்சல் இருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா’ என்று கேட்டாள். என் பெண்கூட அப்படிக் கேட்டதில்லை. தங்கமான பிள்ளை. கொரோனா போனதும் அவளையும் காணோம். அவள் எந்த டெண்டர்?

டெக்னீஷியன்: அவர்கள் ஒப்பந்தம் முடிந்திருக்கும். விளக்குக்குக் கவுன்சிலரிடம் சொன்னீர்களா?

பூக்காரம்மா: சொன்னேன். ‘அது கம்பெனி விஷயம்’ என்கிறார். கார்ப்பரேஷனுக்குள் கம்பெனி எங்கிருந்து வந்தது?

டெக்னீஷியன்: ஒவ்வொரு ஊருக்கும் தனிக் கம்பெனி அம்மா. பாதிப் பங்கு மாநில அரசுக்கு, பாதி மாநகராட்சிக்கு. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்றுதான்.

பூக்காரம்மா: நடந்ததா?

டெக்னீஷியன்: ஐந்து வருஷத் திட்டம். அப்புறம் கொஞ்சம் நீட்டித்தார்கள். இன்னும் கொஞ்சம் நீட்டித்தார்கள். 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது.

பூக்காரம்மா: முடிந்துவிட்டதா? நான் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ரோடு இப்படி, கம்பம் இப்படி என்று முடிவு பண்ணும்போது கவுன்சிலரைக் கேட்டார்களா?

டெக்னீஷியன்: அப்போது கவுன்சிலர் ஏது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தானே நடந்தது. நடுவில் தனி அதிகாரிகள்தான்.

பூக்காரம்மா: ஐந்து வருஷத்துக்கு மேல் ஊரில் கேள்வி கேட்க ஆளே இல்லை. அந்த நேரமாகப் பார்த்துத்தான் கடப்பாரையைத் தூக்கினீர்களா?

டெக்னீஷியன்: மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டார்களே. இணையதளத்தில்.

பூக்காரம்மா: நான் பொத்தானில் சொன்னேன், அவர்கள் இணையத்தில் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் வயர் இல்லை.

டெக்னீஷியன்: (ஏணியில் இருந்தபடியே போனைப் பார்த்து) கேமரா வந்துவிட்டது! எவ்வளவு தெளிவு பாருங்கள். அதோ நீங்கள். அதோ கூடை. கோட்டைத் தாண்டி இரண்டு அடி ரோட்டில் இருக்கிறது.

பூக்காரம்மா: என்ன சொன்னாய்?

டெக்னீஷியன்: ஆக்கிரமிப்பு என்று தானாகவே சிவப்புக் கட்டம் போட்டுவிட்டது. மென்பொருள் அம்மா. நான் ஒன்றும் செய்யவில்லை.

பூக்காரம்மா: தலைக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு எரியவில்லை, அது இதன் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே என் கூடை இரண்டு அடி தள்ளியிருப்பது தெரிகிறதா? ஏணி வைக்க வேண்டும் என்று நகர்த்தச் சொன்னதே நீதான்!

டெக்னீஷியன்: நான் சொன்னது அதில் பதிவாகாது. மைக் வேறு…

பூக்காரம்மா: டெண்டர். தெரியும். இறங்கு.

டெக்னீஷியன்: (இறங்கி) கோபப்படாதீர்கள். கூடையை உள்ளே தள்ளினால் கட்டம் போய்விடும். இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கம்பத்தைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் எனக்குக் கூலி. (எடுக்கிறார்) சே, ஒரே இருட்டு. என் போனில் ஃபிளாஷ் உடைந்திருக்கிறது. அம்மா, உங்கள் போனில் டார்ச் இருக்கிறதா?

பூக்காரம்மா: இருக்கிறது.

டெக்னீஷியன்: ஒரு நிமிஷம் கம்பத்தைப் பார்த்து அடியுங்களேன்.

பூக்காரம்மா: டார்ச் வேறு டெண்டர், தம்பி.