அவள் எப்போது சாதாரணப் பெண்ணாக இருந்தாள்?

மே மாத விடுமுறைக்கு அண்ணன் மகள் சென்னையிலிருந்து பள்ளத்தூருக்கு வந்திருந்தாள். அது என் பிறந்த வீடு. அவள் வருகிறாள் என்று நானும் காரைக்குடியிலிருந்து போய் ஒரு வாரம் தங்கினேன். பதினேழு வயது அவளுக்கு. வந்த மறுநாளே வீட்டில் எந்த இடம் குளிர்ச்சி என்று கண்டுபிடித்துவிட்டாள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூண் நிழலில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூன்று நாளும் ஒரே புத்தகம். சாப்பிடக் கூப்பிட்டால், "இருங்க அத்தை, இப்பத்தான் அவளுக்கே தெரியப்போகுது" என்பாள்.

அப்படி என்னதான் தெரியப்போகிறது என்று, அவள் முடித்ததும் வாங்கி நானும் படித்தேன்.

பெயர் வேண்டாம். இளையவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் அமானுஷ்ய நாவல்களில் ஒன்று. ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரி ஒரு மணி வரை என்னையும் விடவில்லை. கதாநாயகிக்கும் பதினேழு வயதுதான். புது ஊர், புதுப் பள்ளிக்கூடம். தன்னைப் பற்றி அவள் சொல்வதெல்லாம் 'நான் சுமார்தான்' என்பதுதான். அந்தப் பள்ளியில் யாரோடும் பேசாத அழகான பையன் ஒருவன் இவளை மட்டும் உற்றுப் பார்க்கிறான். பௌர்ணமி, பழைய கல்லறை, தோளில் ஒரு மச்சம். இருநூறு பக்கம் தாண்டியதும் குட்டு உடைகிறது. அவளைப் பெற்றவள் மனுஷியே இல்லையாம். இவளுக்கு ஓடுவதும் அந்த ரத்தம்தான்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருநூறு பக்கம் ஒரு சாதாரணப் பெண்ணின் கதை என்று நம்பித்தானே கூடவே நடந்தேன்? அவள் ஒருநாளும் சாதாரணப் பெண்ணாக இருந்ததில்லை. அவளுக்குத் தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். 2005-இல் வந்து உலகமெல்லாம் விற்ற 'ட்வைலைட்'டும் இதில் சேர்த்திதான். எல்லோர் மனத்திலும் ஓடுவதைப் படிக்கத் தெரிந்த அந்த ரத்தக்காட்டேரிப் பையனுக்கு இந்தப் பெண்ணின் மனம் மட்டும் பிடிபடாது. சாதாரணப் பெண் என்று சொல்லிக்கொண்டே ஆரம்பத்திலேயே முத்திரை குத்தியாகிவிட்டது.

எங்கள் நகரத்தார் பக்கம் பெண் பேசப் போனால் முதல் கேள்வி 'என்ன கோயில்?' என்பதுதான். இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று ஒன்பது கோயிலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். (அதற்காவது காரணம் உண்டு. ஒரே கோயில் என்றால் பங்காளி முறை வந்துவிடும்.) அதற்கப்புறம் எந்த வீடு, ஐயா எங்கே கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பண்ண, போனார்கள், பர்மாவா மலேயாவா என்று போகும். பெண் என்ன படித்திருக்கிறாள் என்பது காபி ஆறின பிறகு. எங்கோ உட்கார்ந்து இங்கிலீஷில் நாவல் எழுதுகிறவரும் இந்தக் கேள்விகளையேதான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கூடுதலாக ஒரு ஜோடி இறக்கை.

இதை அவளிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "நீங்க ரத்தத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க அத்தை. கிளாஸ்ல நாப்பது பேர் இருப்போம். ஒருத்தருமே நம்மளப் பாக்காத நாள்னு ஒண்ணு இருக்குல்ல? அன்னைக்கு இதைப் படிச்சா நல்லாருக்கும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் வயதில் வாடகை நூலகத்து மாத நாவல்களில் நானும் அதைத்தான் தேடினேன். அங்கே இறக்கை கிடையாது, கார் வைத்திருக்கும் மேனேஜர் உண்டு.

அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. திண்ணைக்கு வந்து உட்கார்ந்தோம். "இவ்வளவு பெரிய வீட்ல ஒரு பேய்கூட இல்லையா?" என்று கேட்டாள். ஏழு பங்காளிகள் ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் வீட்டில் பேய் எப்படியம்மா குடியிருக்கும் என்றேன். ஆனால் ஒரு பேய் ஞாபகத்துக்கு வந்தது. புனிதவதி.

காரைக்கால் வணிகர் வீட்டுப் பெண், பின்னால் காரைக்கால் அம்மையார். புருஷன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்குச் சோற்றோடு ஒன்றைப் போட்டுவிடுகிறாள். மதியம் வந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்கிறான். உள்ளே போய்க் கையைப் பிசைந்துகொண்டு வேண்டுகிறாள், கையில் பழம் வருகிறது. ருசி வேறாக இருக்கிறதே, ஏது என்கிறான். உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது. அவன் கையில் வைத்ததும் மறைந்துபோகிறது. பயந்துவிட்டான். வியாபாரத்துக்கென்று கப்பல் ஏறியவன் வீடு திரும்பவில்லை. பாண்டிய நாட்டில் ஒரு பட்டணத்தில் இறங்கி, வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

எங்கள் அப்பத்தா இந்தக் கதையில் மாம்பழத்தை ஓட்டிவிட்டுக் கப்பலுக்கு வந்ததும் நிறுத்துவார்கள். மூன்று வருஷக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போனவர்களுக்காக இந்த வீட்டு வளவில் காத்திருந்த பெண்களை அவர்களுக்குத் தெரியும். வராமலே போனவர்களையும் தெரியும்.

உறவினர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அவனிடமே கொண்டுபோய் விடுகிறார்கள். அவன் புது மனைவி, மகளோடு வந்து அவள் காலில் விழுகிறான். இவர் மனுஷி இல்லை, தெய்வம் என்கிறான். நான் வாதாட விரும்பும் இடம் இதுதான். அந்த நாவலில் அமானுஷ்யம் வந்ததும் பெண் அழகாகிவிடுகிறாள். கண் மின்னுகிறது, காற்றில்லாமலே முடி பறக்கிறது. புனிதவதியோ இருந்த அழகைக் கழற்றி வைக்கிறாள். இவனுக்காகச் சுமந்த தசைப்பொதி இனி வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதுகிறார். அம்மையார் தாமே பாடிய பதிகத்தில் 'காரைக்காற் பேய்' என்றுதான் கையெழுத்துப் போடுகிறார். கைலாயத்துக்குத் தலையால் நடந்து போனவர். சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்கள், மற்றவர்கள் நிற்க எலும்பும் தோலுமாக இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். எந்த ரத்தமும் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை.

நான் இவ்வளவு ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்கு வேறெங்கோ போய்விட்டாள். "அந்தச் சின்னப் பொண்ணு பேர் என்ன?"

யார் அது என்றேன்.

"அதான், ரெண்டாவது கல்யாணத்துல பிறந்தது. கால்ல விழுந்துச்சே."

புனிதவதிதான். முதல் மனைவியின் பெயரையே மகளுக்கு வைத்திருந்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பயந்து ஓடி வந்தவன் எதுக்கு அதே பேரை வைக்கணும்? தினமும் கூப்பிடணுமே! அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா? அவளுக்கு என்ன வயசு?"

சின்னப் பிள்ளை என்றேன்.

"நான் பதினேழுன்னு வச்சுக்கிறேன்."

சென்னைக்குத் திரும்பிய பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் மூன்று பக்கம் வந்தது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் அப்பாவின் குரல் ஏன் இறங்கிவிடுகிறது என்று ஒரு பெண் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் கேட்கிறாள், அம்மாவுக்கும் தெரியவில்லை. வாசலில் பல்லக்கு வந்து நிற்கிறது. அதோடு நிறுத்தியிருந்தாள்.

தோளில் மச்சம் எதுவும் இல்லையே என்று கேட்டு அனுப்பினேன்.

"மச்சமெல்லாம் இல்ல. பேர் மட்டும்தான். மிச்சம் டெஸ்ட் முடிஞ்சப்புறம் அத்தை."